ஒழுக்கு

புகார் எண் பதினேழு தபாலில் வரவில்லை.
செயின்ட் ஜான்ஸ் மூடுபனியில் இரண்டு பேருந்து மாறி
ஹெட்டி டிசர்ட் அதை மடியில் வைத்து எடுத்து வந்தாள்:
ஏழு ஜாம் புட்டிகள்,
ஏழிலும் பழுப்புத் தண்ணீர்,
மூடியில் தேதி ஒட்டியிருந்தது.
"என் கட்டிலுக்கு மேலிருந்து விழுந்தது.
முகர்ந்து பாருங்கள்."

முகர்வது என் வேலையில் இல்லை.
படிவம் தருவேன்,
கையெழுத்து எங்கே என்று விரலால் காட்டுவேன்,
ஐயோ என்று சொல்லாமல் இருப்பேன்.
ஐயோ என்றால் ஒரு பக்கம் சாய்ந்ததாகிவிடும்.
ரசீது எழுதினேன்: தண்ணீர், ஏழு புட்டி.
அலுவலகக் குளிர்பெட்டியில் என் சான்ட்விச்சுக்குப் பக்கத்தில்
வரிசையாக வைத்தேன்.

நகல் ஒன்று கோர்மக் கீலிக்குப் போனது.
பதிவு பெற்று முப்பத்தோரு வருடம்.
துறைமுகத்துக் கண்ணாடி நூலகம் அவர் வரைந்தது;
என் மகள் அங்கேதான் எழுத்துக் கூட்டினாள்.
மறைக்காமல் இதைத் தலைவரிடம் சொன்னேன்.
"ஒரு கட்டடம் பிடிப்பது
நலன் முரண் ஆகாது" என்று
தலை நிமிராமல் சொன்னார்.

பதில் தர இருபத்தோரு நாள்.
இருபதாம் நாள் மாலை வழக்கறிஞர் கடிதம் வந்தது.
பழி மழை மேல், உப்புக் காற்றின் மேல்,
தகடு அடித்தவன் மேல்.
அவனோ ஆல்பர்ட்டாவுக்கு வேலை தேடிப் போய்விட்டான்,
இங்கிருந்து எல்லோரும் போவதுபோல.

ஹெட்டியிடம் தொலைபேசியில் மூன்று முறை விளக்கினேன்:
ஒழுகுவது குற்றமில்லை அம்மா,
நல்லவர் போட்ட கூரையும் ஒழுகும்.
அவர் எப்படி ஒழுகினார் என்பதுதான் எங்கள் விசாரணை.
வைத்த பிறகு என் சொல்லே
என் காதில் சொட்டிக்கொண்டிருந்தது.

விசாரணை கர்லிங் மன்றத்தின் மாடியில்.
கீழே கல் உருளும் சத்தம்.
குழுவில் இரண்டு கட்டடக் கலைஞர்கள்,
பிறகு, கப்பலில் சீட்டுக் கிழித்து ஓய்வு பெற்ற
ஃபிலமினா நோஸ்வொர்த்தி.
கலைஞர்கள் வரைபடங்களைப் புரட்டினார்கள்,
அளவுகோல் கேட்டார்கள், தண்ணீர் குடித்தார்கள்.
ஃபிலமினா ஒன்றுதான் கேட்டாள்:
"சான்றிதழில் உங்கள் முத்திரை.
ஏணியில் ஏறினீர்களா?"

கீலி கோட்டுப் பொத்தானைப் போட்டார், கழற்றினார்.
"சாலையிலிருந்து பார்த்தேன்.
காரை நிறுத்தாமல்."

குறிப்பெடுத்த என் பேனா நின்றது.
காரைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

தீர்ப்பு பதினான்கு பக்கம்.
ஆறு மாதம் பதிவேட்டில் பெயர் இருக்காது.
செலவுத் தொகை உண்டு, பயிற்சி வகுப்பு உண்டு.
கூரையை யார் சரிசெய்வது என்று கேட்டாள் ஹெட்டி.
கூரைக்கு எங்கள் சட்டத்தில் பிரிவு இல்லை.
அதைச் சொல்ல எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

முத்திரையை ஒப்படைக்கக் கீலி நேரில் வந்தார்,
கைக்குட்டையில் சுற்றி.
கட்டைவிரல் படும் இடம் மட்டும் வழவழவென்றிருந்தது.
ரசீது எழுதினேன்: முத்திரை, ஒன்று.
அவர் போகவில்லை.
"அந்தப் புட்டிகள்?"

காட்டக் கூடாது.
குளிர்பெட்டியைத் திறந்து விட்டு
ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன்.
மூடி திருகும் ஓசை. மூச்சு இழுக்கும் ஓசை.
"கரிப்புகை வாடை" என்றார் என் முதுகிடம்.
"கூரை இல்லை. புகைபோக்கிக்குப் பின்னால் தகடு விலகியிருக்கும்.
ஒரு காலை வேலை."
பிறகு, மெதுவாக,
"அன்றே ஏறியிருந்தால் தெரிந்திருக்கும்."

மேல்முறையீட்டுக் கெடு முடிந்த மறுநாள்
ஹெட்டி அழைத்தாள்.
சதுப்பில் பழம் சிவந்துவிட்டதாம்,
புட்டிகள் வேண்டுமாம்.
கழுவினேன், தேதிகளை உரித்தேன்.
மார்ச் ஒன்பது மட்டும் உரிய மறுத்தது.
அந்தப் புட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு போட்டேன்,
பெயரில்லாமல், தேதியில்லாமல்:
புகைபோக்கிக்குப் பின்னால் பார்க்கச் சொல்லுங்கள்.

இதற்காக என் மேல் யாராவது புகார் தர விரும்பினால்
படிவம் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது.
கையெழுத்து எங்கே என்று
நானே காட்டுவேன்.